பெரூஜாவில் அக்காவுடன் ஒரு நாள்

இத்தாலியின் நடுவே, கடலைத் தொடாத உம்ப்ரியா என்னும் பிராந்தியத்தின் தலைநகர் பெரூஜா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 490 மீற்றர் உயரத்தில், ஒரு மலையின் தலையிலும் தோள்களிலுமாகப் பரந்து கிடக்கும் பழைய நகரம் அது. கிறிஸ்துவுக்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டில் எத்ருஸ்கர்கள் எழுப்பிய மதிலின் பகுதிகள் இன்றும் அங்கே நிற்கின்றன. அக்காலத்தில் மலையுச்சியில் ஊர் அமைத்தவர்களின் நோக்கம், அந்நியர் எவரும் இலகுவில் ஏறி வந்துவிடக்கூடாது என்பதாகும். அந்த நோக்கத்தை அவர்கள் வெகு சிறப்பாகவே நிறைவேற்றியிருக்கிறார்கள். செங்குத்தான ஒழுங்கைகள், வளைவுகளுக்கு அடியால் ஏறும் படிக்கட்டுகள், படிக்கட்டின் முடிவில் இன்னொரு படிக்கட்டு. இப்படியான ஓர் ஊருக்கு, சக்கர நாற்காலியில் வாழும் என்னுடைய அக்காவை 2024 மே மாதத்தில் அழைத்துச் சென்றோம். அதைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டதால் இந்தப் பதிவு.

அக்காவுக்கு 1962 இல், நான்கு வயதில், இளம்பிள்ளைவாதம் வந்தது. இலங்கையில் அந்நோய் கொள்ளைநோயாகப் பரவிய ஆண்டு அது. வலது கால் சூம்பிப்போயிற்று. இரும்புக் கவசமும் கைத்தடியுமாக முப்பது வருடங்களுக்கு மேலாகப் பெண்கள் பாடசாலையொன்றில் வரலாறு படிப்பித்தார். வயது ஏற ஏற மற்றக் காலும் தளர்ந்தது. கடந்த பத்து வருடங்களாகச் சக்கர நாற்காலிதான்.

எங்கள் குடும்பப் பயணங்களில் அக்காவுக்கென்று நிரந்தரமான ஓர் உத்தியோகம் இருந்தது. சிகிரியாவில் நாங்கள் ஏறினோம். அக்கா அடிவாரத்தில் இருந்தார். தம்புள்ளையிலும் அப்படியே. மிகிந்தலையிலும் அப்படியே. எங்களுடைய பைகளுக்கும் செருப்புகளுக்கும் அவரே காவல். நாங்கள் இறங்கி வந்து மூச்சு வாங்கியபடி சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வார். அடுத்த கிழமை வகுப்பில் சிகிரியா ஓவியங்களைப் பற்றி, நேரில் பார்த்த எங்களைவிடத் தெளிவாகப் பாடம் நடத்துவார். நாங்கள் எல்லோரும் இதை இயல்பானதாகவே எடுத்துக்கொண்டோம். அக்காவும் ஒருபோதும் முறைப்பட்டதில்லை.

என் மகள் பெரூஜாவில் உள்ள அந்நியருக்கான பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி பயின்றாள். வெளிநாட்டவருக்கு இத்தாலிய மொழி கற்பிப்பதில் பெயர்பெற்ற நிறுவனம் அது. அவள்தான், “மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று பிடிவாதமாக நின்றாள். சக்கர நாற்காலிக்காரரையும் முதியோரையும் பார்வையற்றோரையும் நடைபயணமாகக் கூட்டிச் செல்லும் வழிகாட்டி ஒருவரைத் தேடிப் பிடித்ததும் அவளே.

எனக்கு இதில் நம்பிக்கை குறைவாகவே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. பெரூஜாவுக்கு வருமுன் ரோமில் மூன்று நாட்கள் தங்கினோம். அங்கே ஒரு சுற்றுலா நிறுவனம் தன்னுடைய விளம்பரத்தில் சக்கர நாற்காலிக்கு உகந்தது என்று போட்டிருந்தது. பணம் கட்டிப் போய் நின்றால், முதலாவது இடத்திலேயே பதினொரு படிகள். அவர்களுடைய ஆள் சிரித்துக்கொண்டே, நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்றார். அக்கா என்னைப் பார்த்து, “நான் சாமியில்லை, தூக்கிக்கொண்டு போக” என்றார். அத்துடன் அன்றைய சுற்றுலா முடிந்தது. அக்கா கீழே ஒரு தேநீர்க்கடையில் இருக்க, என் மகளும் நானும் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அதாவது, பழைய உத்தியோகம்.

பெரூஜா வழிகாட்டி வேறு விதமானவர். பயணத்துக்கு இரண்டு கிழமைகள் முன்னதாகவே ஒரு கேள்விக்கொத்து அனுப்பிவைத்தார். நாற்காலியின் அகலம் எத்தனை சென்ரிமீற்றர்? மடிக்கக்கூடியதா? ஆளோடு சேர்த்து நிறை எவ்வளவு? தள்ளுபவரின் வயது என்ன? கைபிடித்தால் எழுந்து இரண்டு அடி வைக்க இயலுமா? எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கழிப்பறை வேண்டும்? அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

“என்னைப் பெண் பார்க்க வந்தவை கூட இவ்வளவு கேட்கேல்லை” என்றார். பிறகு, “அவை காலை மட்டும்தான் கேட்டவை” என்றார்.

கழிப்பறை பற்றிய கேள்விக்கு மாத்திரம் பதில் எழுத நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே புறப்படும் நாட்களில் அக்கா தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் அரைக் கோப்பைத் தேநீர். பிறகு வீடு திரும்பும்வரை நாக்கு ஒட்டினாலும் ஒரு மிடறும் இல்லை. ஆசிரியராக இருந்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம். நாற்பது வருடங்கள் பத்திரிகைகளில் எழுதியவன் நான். எத்தனையோ மகாநாடுகளைப் பற்றியும் பிரகடனங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஒருவர் ஊர் பார்ப்பதும் பாராமல் விடுவதும் ஒரு கழிப்பறையின் கதவு எத்தனை அங்குல அகலம் என்பதில் தங்கியிருக்கலாம் என்று எந்த மகாநாட்டிலும் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பதில்கள் போய் மூன்றாம் நாள் பயணத் திட்டம் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இரண்டாவது பக்கம். அன்றைக்கு எவற்றையெல்லாம் எங்களால் பார்க்க முடியாது என்று அதில் எழுதியிருந்தார். 35 மீற்றருக்கும் மேல் ஆழமான எத்ருஸ்கர் கிணறு: ஒடுக்கமான படிகள், இயலாது. இடைக்கால நீர்க்கால்வாயின் மேலாகச் செல்லும் அழகிய நடைபாதை: அதிலும் படிகள், இயலாது. பூமிக்கடியில் இருக்கும் பவுலினாக் கோட்டைத் தெருக்கள்: நாங்கள் செல்லும் வழியில் நகரும் படிக்கட்டு, நாற்காலிக்கு ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம். வருத்தம் தெரிவிக்கும் சொற்கள் எவையும் இல்லை. ரோமின் பதினொரு படிகளைப் பார்த்து வந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தின் பெறுமதி விளங்கும்.

எங்களோடு சேர்ந்து ஏழு பேர். ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு வயோதிபத் தம்பதி. கணவர் சக்கரங்கள் பூட்டிய நடைச்சட்டம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு நடப்பவர். பொலோனியாவிலிருந்து பார்வையற்ற பெண்மணி ஒருவரும் அவருடைய சிநேகிதியும். காலை ஒன்பது மணிக்கு மலையடிவாரத்துப் புகையிரத நிலையத்தின் அருகே கூடினோம்.

மலைக்கு ஏறியது மினிமெத்ரோ என்னும் சிறிய ரயிலில். 2008 ஜனவரியில் ஓடத் தொடங்கியது அது. நிலையங்களை வடிவமைத்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல். சாரதி கிடையாது. உருக்குக் கயிறு ஒன்று இழுக்க, அறை போன்ற சின்னஞ்சிறு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகின்றன. ஏழு நிலையங்கள். மேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தன. மகள் ஒரு கையாலேயே நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டாள். அக்கா கண்ணாடியின் ஓரமாக இருந்துகொண்டார். கூரைகள் கீழே இறங்கின, ஒலிவ் மரங்கள் தெரிந்தன, பிறகு சுரங்கம். பின்சேத்தோ என்னும் கடைசி நிலையத்தில் இறங்கி, மின்தூக்கியில் ஏறி, கதவு திறந்தபோது நாங்கள் மலையின் மேலே நின்றோம்.

“முடிஞ்சுதோ?” என்று அக்கா கேட்டார். ஏற்றம் முடிந்துவிட்டதா என்பது பொருள்.

அங்கே இருப்பது மத்தேயோத்தி சதுக்கம். அதன் பழைய பெயர் சொப்ராமூரோ. மதிலின் மேல் என்று அர்த்தமாம். பழைய எத்ருஸ்கர் மதிலை ஒட்டி, கீழே வளைவுகள் கட்டி முட்டுக்கொடுத்து, சரிவின் மேல் உண்டாக்கிய சமதளம் அது. வழிகாட்டி இந்த இடத்தில்தான் தன்னுடைய முறையைச் சொன்னார். பெரூஜாவுக்கு ஒரு முதுகெலும்பு இருக்கிறது. வன்னூச்சி வீதி என்று பெயர். மலையின் முகடு வழியே செல்வதால் அது பெரும்பாலும் மட்டமான தெரு. அந்த முகட்டைப் பிடித்துக்கொண்டால் நகரத்தின் பிரதானமான சின்னங்களில் பெரும்பகுதி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். வழக்கமான வழிகாட்டிகள் சரிவுகளில் இறங்கி ஏறுவதையே ஊரின் அழகு என்று காட்டுகிறார்கள். தான் முகட்டில் நின்று சரிவுகளைக் காட்டுவதாகச் சொன்னார். இந்த வழியை அவர் ஒரு வாடகை நாற்காலியில் தானே இருந்து, தன் தம்பியைத் தள்ளச்சொல்லி, பல தடவைகள் போய்ப் பார்த்தாராம். சதுக்கத்திலிருந்து வீதிக்கு ஏறும் சிறிய ஒழுங்கை மட்டும் கொஞ்சம் ஏற்றம். கற்கள் பாவிய இடங்களில் முன்சில்லுகள் சிறியனவாக இருப்பதால் இடுக்கில் சிக்கும். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் சிக்காது என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்தார். அக்கா கொஞ்சத் தூரம் ஊரைப் பின்னோக்கிப் பார்த்தபடியே ஏறினார்.

நவம்பர் நான்கு சதுக்கத்தில் இருக்கிறது பெரிய நீரூற்று. பொன்தானா மஜ்ஜோரே என்பார்கள். 1275 க்கும் 1278 க்கும் இடையில் நிக்கோலா பிசானோவும் அவருடைய மகன் ஜொவான்னியும் செதுக்கியது. கீழ்த் தொட்டிக்கு இருபத்தைந்து பக்கங்கள்; பக்கத்துக்கு இரண்டாக ஐம்பது சிற்பப் பலகைகள். பன்னிரண்டு மாதங்களும் அந்தந்த மாதத்துத் தொழில்களும், ஏழு கலைகளும், ஈசோப்பின் கதைகளும், நகரத்தின் சின்னமான கழுகுத்தலைச் சிங்கமும் அவற்றில் உள்ளன. நாங்கள் அங்கே நாற்பது நிமிடங்கள் நின்றோம். அதற்குள் மூன்று குழுக்கள் வந்தன, கொடியை உயர்த்திப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் நின்று படம் எடுத்தன, போய்விட்டன. எங்களுடைய வழிகாட்டி நாற்காலியைப் பலகை பலகையாக நகர்த்தினார். நடைச்சட்டக்காரர் தன்னுடைய சட்டத்திலேயே பொருத்தியிருந்த இருக்கையில் அமர்ந்துகொண்டார். பார்வையற்ற பெண்மணியின் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் கழுகுத்தலைச் சிங்கத்தின் உருவத்தை வழிகாட்டி வரைந்தார். ஒரு தடவை போதாதென்று அந்தப் பெண்மணி திரும்பவும் வரையச் சொன்னார்.

அக்கா சற்று அண்ணாந்து மாதங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கதிர் அறுக்கிறார்கள். அடுத்ததில் திடீரென்று, “தம்பி, இங்கை பார், சூடடிக்கினம்!” என்று கூவினார். எழுநூற்று ஐம்பது வருடங்களுக்கு முன் உம்ப்ரியாவில் சூடடித்தவர்களை அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சி அவருடைய குரலில் இருந்தது. நீர் மூன்று மைல் தொலைவிலுள்ள பச்சியானோ மலையிலிருந்து கால்வாய் வழியே இங்கே கொண்டுவரப்பட்டது என்று வழிகாட்டி சொன்னார். மலைமேல் வாழ்பவர்களுக்குத் தண்ணீரே பெரும் பாடாக இருந்திருக்கும். அக்கா அதைக் கேட்டுவிட்டு, என்னிடம் போத்தலைத் தரும்படி கையை நீட்டினார். அடுத்த கழிப்பறை எந்தக் கட்டடத்தில், எத்தனையாம் மாடியில் என்று திட்டத்தில் எழுதியிருந்ததே.

சதுக்கத்தின் ஒரு பக்கம் பேராலயம். அதன் படிகளில் இளைஞர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மறுபக்கம் பிரியோரி மாளிகை. அதன் மேல் மாடியில் உம்ப்ரியாவின் தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. திருத்த வேலைகள் முடிந்து 2022 இல் மறுபடி திறந்தார்கள். மின்தூக்கி உண்டு. பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் ஓவியம் ஒன்றைக் காட்டுவதற்காகவே பலர் அங்கே அழைத்து வருகிறார்கள். வானதூதரும் மரியாளும் நிற்க, அவர்களுக்கு நடுவே தூண்வரிசையொன்று உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். அதைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறொன்று.

பெரிய நீரூற்று முடிந்த கையோடு, வீதியின் மறுமுனையில் இன்னொரு சிறிய நீரூற்றும் கட்டினார்கள். 1281 இல் முடிந்தது. செதுக்கியவர் அர்னொல்போ தி கம்பியோ. பின்னாளில் புளோரன்ஸ் பேராலயத்தைத் தொடங்கிவைத்த அதே கலைஞர். அந்த நீரூற்று நெடுநாள் நிலைக்கவில்லை. பிரித்தெடுத்துவிட்டார்கள். சில சிலைகள் மட்டும் மிஞ்சி இந்தக் கூடத்தில் இருக்கின்றன. தாகித்தவர்கள் என்று அவற்றுக்குப் பெயர். அந்தக் காலத்துப் பொதுக்கட்டடங்களில் அரசர்களையும் புனிதர்களையும் செதுக்குவதுதான் வழக்கம். அர்னொல்போவோ தண்ணீருக்கு வந்த ஏழைகளைச் செதுக்கினார். மண்டியிட்டுக் குனியும் ஒரு பெண். குடத்தோடு ஒரு மூதாட்டி. மூன்றாவது சிலையைக் கால் வழங்காதவன் என்று குறிப்பிடுகிறார்கள். நிலத்தில் கிடந்தபடி நீரின் பக்கமாகத் தன் உடம்பை இழுத்துக்கொள்ளும் ஒரு மனிதன்.

நாற்காலியில் இருப்பவருக்கு அந்தச் சிலைகளோடு பேசலாம் போன்ற உயரம். அக்கா வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் குறும்பு செய்த பிள்ளையைப் பார்ப்பது போல் ஒரு பார்வை. பிறகு வழிகாட்டியை நோக்கி ஆங்கிலத்தில் கேட்டார்:

“இவனை மலைக்கு மேலே கொண்டுவந்தது யார்?”

வழிகாட்டி யோசித்தார். இந்தச் சிலைகளைப் பற்றிப் பலரும் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை என்றார். ஒருவேளை இவன் மேலேயே பிறந்தவனாக இருக்கலாம் என்று ஜேர்மன்காரர் சொன்னார். கழுதையில் ஏற்றி வந்திருப்பார்கள் என்றார் பொலோனியாப் பெண்மணி. அக்கா இரண்டையும் ஏற்றுக்கொள்ளவில்லை. தவழ்ந்துதான் வந்திருப்பான், முழங்கையைப் பாருங்கள் என்றார். ஏழு பேரும், பார்வையற்றவர் உட்பட, அந்த முழங்கையைப் பற்றிப் பத்து நிமிடங்கள் வாதாடினோம். காவலில் இருந்த ஊழியர் ஒருவர் எங்களை அடக்க வந்து, விஷயத்தைக் கேட்டு, தானும் ஒரு கருத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மதிய உணவுக்குப் போன இடத்தில் வாசலில் இரண்டு படிகள். வழிகாட்டி தன்னுடைய முதுகுப்பையோடு கட்டிக் கொண்டுவந்த மடிப்புச் சரிவுப்பலகையை விரித்தார். இத்தாலியில் 1989 ஆம் ஆண்டின் விதிப்படி சரிவுப்பாதை நூற்றுக்கு எட்டுக்கு மேல் செங்குத்தாக இருக்கலாகாது. தன்னுடைய பலகை அந்தச் சட்டத்துக்கு அடங்காது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பொதுக் கட்டடங்களிலுள்ள தடைகளை அகற்றுவதற்கு ஒவ்வொரு நகரசபையும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 1986 இலேயே சட்டம் கொண்டுவந்தார்கள். வகுக்காத நகரசபைகள் ஏராளம் என்பதையும் அவரே சொன்னார். எங்கள் நாட்டுச் சங்கதியும் இதுதான். 1996 இல் சட்டம் வந்தது, 2006 இல் கட்டட ஒழுங்குவிதிகள் வந்தன. ஆயினும் அக்காவின் ஓய்வூதிய விடயமாகப் போனபோது அந்த அலுவலகம் மேல்மாடியில்தான் இருந்தது. நல்ல மனம் படைத்த எழுதுவினைஞர் ஒருவர் கீழே இறங்கிவந்து, முச்சக்கர வண்டிக்குள் வைத்தே கையொப்பம் வாங்கிப் போனார். அவருடைய நல்ல மனத்துக்கு நன்றி. மாற்றலாகிப் போய்விட்டால் என்ன செய்வது என்று அக்கா அன்று கேட்டார்.

பாணில் உப்பில்லை. உம்ப்ரியாவில் பாண் அப்படித்தான். 1540 இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் உப்பின் விலையை உயர்த்தினாராம். பெரூஜா மக்கள் கிளர்ந்தெழுந்து தோற்றார்கள். அன்றிலிருந்து உப்பில்லாமல் பாண் சுடுகிறார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. அக்காவும் நம்பவில்லை. “கோபத்திலை உப்பில்லாமல் சாப்பிடலாம், ஒரு கிழமைக்கு” என்றார். ஆனால் கிளர்ச்சியும் தோல்வியும் உண்மை. வென்ற பாப்பரசர் நகரத்தின் தென்முனையில் மாபெரும் கோட்டையொன்றை எழுப்பினார். அந்த மூலையில் பகிலியோனி குடும்பத்தாரின் மாளிகைகளும் வீடுகளும் தெருக்களும் இருந்தன. கட்டடக் கலைஞர் சங்கால்லோ பலவற்றை இடித்து, மீதியின்மேல் வளைவுக்கூரை போட்டு மூடி, அதன்மேல் கோட்டையைக் கட்டினார். ஒரு முழுத் தெருவே நிலவறையாகிவிட்டது. 1860 இல் பாப்பரசர் ஆட்சி போனதும் மக்கள் கோட்டையை உடைத்துத் தள்ளினார்கள். அது நின்ற இடத்தில் இப்போது கார்துச்சி பூங்கா. கீழே புதைந்த தெரு மட்டும் இருட்டில் அப்படியே இருக்கிறது. 1983 இல் அதன் ஊடாகத்தான் நகரும் படிக்கட்டுகளை அமைத்தார்கள். மலையூர்களுக்கு முன்மாதிரி என்று அவற்றைப் பாராட்டி எழுதியவர்கள் அநேகர். அந்தப் படிக்கட்டுகளில் சக்கர நாற்காலி ஏற முடியாது என்பதை அவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பூங்கா மட்டமாக இருந்தது. சுவரோரம் நாற்காலியை நிறுத்தினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். தூரத்தில் சுபாசியோ மலை. அதன் சரிவில் வெள்ளையாக அசிசி நகரம். அக்கா என்னைப் பார்த்து, “நீ கீழை போய்ப் பார்த்திட்டு வா. வந்து ஒழுங்காய்ச் சொல்லு. பத்திரிகைக்காரன்தானே” என்றார். எங்களுடைய பைகளை அவர் மடியில் வைக்க நான் போனபோது, வழிகாட்டி அவற்றை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் அதை ஒரு பொருட்டாகவே செய்யவில்லை. அக்கா தன்னுடைய வெறும் மடியைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

நான் மட்டும் நகரும் படிக்கட்டில் இறங்கினேன். செங்கல் வளைவுகள். வீடுகளின் வாசல்கள், ஜன்னல்கள்; திறந்தால் சுவர். ஒரு காலத்தில் வானம் இருந்த இடத்தில் கூரை. வேலை முடிந்து போகும் ஊர்மக்கள் அந்தத் தெரு வழியே கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள். இருபது நிமிடங்களில் திரும்பி வந்து, நாற்பது வருட அனுபவத்தையும் திரட்டி அக்காவுக்கு வர்ணித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரு எத்தனை யார் அகலம், வண்டி போகக்கூடியதா, கிணறு இருந்ததா, கூரை போட்டபின் அந்த வீடுகளில் யார் இருந்தார்கள் என்று நான்கு கேள்விகள் கேட்டார். அகலத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. மற்றவற்றுக்காக என் மகளை உடனே கீழே அனுப்பினார்.

மாலையில் கடைசி இடம் எத்ருஸ்கர் தோரணவாயில். மலையின் வடபுறச் சரிவின் கீழே இருக்கிறது. நீரூற்றுச் சதுக்கத்திலிருந்து அங்கே இறங்கும் தெரு மிகச் செங்குத்தானது. ஆகையால் சரிவுக்கதவு வைத்த வான் ஒன்றை ஒழுங்கு செய்திருந்தார். கிறிஸ்துவுக்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த வாயில் அது. சாந்து பூசாமல், பெரிய பெரிய கல்லாக அடுக்கிய இரண்டு கோபுரங்கள். நடுவே உயரமான வளைவு. வாகனங்கள் இன்றும் அதன் அருகே வளைந்து ஓடுகின்றன. வளைவில் அவுகுஸ்தா பெரூசியா என்ற எழுத்துகள் இருக்கின்றன. பார்வையற்ற பெண்மணி முதலில் போய் இரண்டு கைகளாலும் கல்லைத் தடவினார். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான பொருத்தைத் தேடி விரலை ஓட்டினார். வெயில் இறங்கிய பின்னும் கல் சுடுகிறது என்றார். அக்காவை அவருக்கு அருகே தள்ளிக்கொண்டு போனோம்.

வழிகாட்டி அந்தப் பெயரின் காரணத்தைச் சொல்லத் தொடங்கினார். ஒக்தாவியான் இந்த நகரத்தை முற்றுகையிட்டான், கி.மு. 40 இல் நகரம் எரிந்தது, பின்னர் அவனே அகுஸ்துஸ் ஆகித் தன் பெயரை இட்டான்.

“உள்ளே இருந்தது லூசியஸ்” என்றார் அக்கா. “மார்க் அந்தோனியின் தம்பி.”

வழிகாட்டி நிறுத்திக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். அக்கா நாற்காலியைத் தானே ஒரு சுற்றுத் திருப்பி, முதுகுப்புறம் வாயிலும் முன்னால் நாங்களுமாக இருக்கும்படி நிறுத்தினார். யாழ்ப்பாணத்தில் கரும்பலகையின் முன்னால் நின்ற அதே நிலை. கையில் வெண்கட்டி மட்டும் இல்லை. முற்றுகையின் பட்டினியைச் சொன்னார். இரு தரப்பும் கவணில் வைத்து எறிந்த ஈயக்குண்டுகளில் எதிரியைப் பற்றிய வசைகளைப் பொறித்திருந்தார்கள் என்றும், அவை பெரூஜா மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன என்றும் சொன்னார். என்ன வசைகள் என்று ஜேர்மன்காரர் கேட்டார். பிள்ளைகள் முன்னிலையில் சொல்லத்தக்கவை அல்ல என்றார் அக்கா. வகுப்பில் சொல்லிப் பழகிய பதிலாக இருக்க வேண்டும். எங்களில் ஆக இளையவளான என் மகளுக்கு வயது இருபத்தாறு.

பொலோனியாப் பெண்மணி இன்னமும் ஒரு கையைக் கல்லின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் போருக்கு ஒரு பெண்ணும் காரணம் என்பார்களே என்று அவர் கேட்டார். அக்காவின் முகம் மலர்ந்தது. அந்தோனியின் மனைவி புல்வியா என்று தொடங்கினார். வான் சாரதி இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டார். வழிகாட்டி அவரிடம் போய் என்னவோ சொல்லிவிட்டு வந்து, வாயிலின் அருகே கிடந்த கல்லொன்றில் அமர்ந்து, முழங்காலில் குறிப்புப் புத்தகத்தை விரித்து எழுதத் தொடங்கினார்.